முகப்புப் பந்தலுக்கு எந்த மார்கிசா?

மலேசியாவின் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் ஹீவூட், டவன்பி, எல்பில் தோட்டங்கள் பக்கமிருந்து தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் லயத்துப் பழக்கம் ஒன்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். வாசலில் ஒரு பந்தல் இல்லாவிட்டால் அவர்களுக்கு வீடு வீடாகத் தெரியாது. அப்போது அதில் அவரையும் பாகலும் படர்ந்தன. இப்போது இரும்புக் குழாயில் பந்தல் போட்டுவிட்டு, ‘மார்கிசா விடலாமா?’ என்று கேட்கிறார்கள். மார்கிசா என்றால் பாஷன் பழக்கொடி. பழம் வேண்டும், பூவும் வேண்டும், மதிய வெயிலில் காடிக்கு (காருக்கு) நிழலும் வேண்டும் என்று மூன்றையும் ஒரே கொடியிடம் எதிர்பார்க்கிறார்கள்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நாற்று விற்பவர் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார். அந்தப் பெயருக்குள் மஞ்சள் பழக்கொடி, ஊதாப் பழக்கொடி, பெரிய காய்க்கொடி, பூவுக்கு மட்டும் வளர்ப்பவை என்று குணம் வேறுபட்ட பல செடிகள் இருக்கின்றன. தாவரவியலில் பாசிஃப்ளோரா என்னும் இந்தப் பேரினத்தில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. கைப்பேசியில் பூவின் படத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பூவைத் தேடி வர நம் ஊரில் யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் வருவார்கள் என்பதை முதலில் பாருங்கள். பூவின் நிறம், பழத்தின் அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இது தோட்டத்து ஆட்களுக்குப் புரியாத சங்கதி இல்லை. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மரம் வந்ததே தவிர, அதன் பூவுக்கு உரிய வண்டு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் மகரந்தத்தூளை டால்கம் மாவோடு கலந்து பூக்குலைகளில் ஊதுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஓய்ந்தது. அதற்கு நூறாண்டு முன்பே, 1877-இல், பக்கத்து ஊரான கோலகங்சாருக்கு ஒன்பது பால்மரக் (ரப்பர்) கன்றுகள் வந்தன. அவை தென்னமெரிக்கக் கன்றுகள். ஆனால் பால்மரத்தில் காய் பிடிக்காவிட்டால் மண்டோருக்கு (தோட்டக் கண்காணிக்கு) ஒரு கவலையும் இல்லை, பால் வடிந்தால் போதும். மார்கிசா அதே கண்டத்திலிருந்து வந்த கொடி, ஆனால் நமக்கு வேண்டியது அதன் காய். ஆகவே அது செம்பனையின் கட்சி.

பூவுக்குள் என்ன நடக்கிறது

எந்த மார்கிசாப் பூவை எடுத்துக்கொண்டாலும் அடிப்படைக் கட்டு ஒன்றுதான். வெளியே ஐந்து புல்லி, உள்ளே ஐந்து அல்லி. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால் பத்து இதழ் போலத் தெரியும். அதற்கு மேல் இழைகளாலான ஒரு மகுடம். நடுவில் ஒரு தூண் எழும்பி நிற்கும். ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே காம்பில் ஏறி நிற்பது இந்தக் குடும்பத்தின் அடையாளம். தூணில் கீழ்நோக்கித் தொங்கும் ஐந்து மகரந்தப்பைகள், அவற்றுக்கு மேல் பச்சை உருண்டையாகச் சூற்பை, அதன் தலையிலிருந்து மூன்று சூல்தண்டுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் குமிழ்போல் ஒரு சூல்முடி.

கோயிலுக்குப் போகிறவர்கள் இதே பூவில் மகுட இழைகளைக் கௌரவர் நூற்றுவராகவும், மகரந்தப்பைகளைப் பாண்டவர் ஐவராகவும், உச்சியில் உள்ள மூன்றை மும்மூர்த்திகளாகவும் காட்டுவார்கள். தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு இழைகள் முள்முடி, ஐந்து பைகள் ஐந்து காயம், மூன்று குமிழ்கள் மூன்று ஆணி. ஸ்பானிய மறைப்பணியாளர்கள் தென்னமெரிக்காவில் இப்படித்தான் போதித்தார்கள். இரண்டு கதைகளும் பூவின் பாகங்களை மனத்தில் வைத்துக்கொள்ள நன்றாக உதவும் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

தேன் இருப்பது மகுடத்தின் அடியில், ஒரு மூடிபோன்ற சவ்வுக்குக் கீழே. அதை எட்ட வேண்டுமானால் வண்டு மகுடத்தின் மேல் இறங்கி, தலையை உள்ளே நுழைத்துத் தூணைச் சுற்றி நடக்க வேண்டும். அப்போது அதன் முதுகு மேலே தொங்கும் மகரந்தப்பையில் உரசும். இங்கேதான் அளவு முக்கியமாகிறது. சின்னத் தேனீ வந்தால் முதுகுக்கும் பைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். அது தேனைக் குடிக்கும், நேராகப் பைக்குத் தாவி மகரந்தத்தையும் வாரிக்கொண்டு போகும், சூல்முடியைத் தொடவே தொடாது. பெரிய மார்கிசாப் பூக்களுக்கு வேண்டியது கருவண்டு. பழைய பலகை வீடுகளின் உத்தரத்தில் உருண்டையாகத் துளை போட்டுக் கீழே மரத்தூள் உதிர்க்குமே, அதுதான். வண்டு என்று நாம் சொன்னாலும் அது தேனீ இனம். மலேசியாவில் கட்டைவிரல் பருமனில்கூட ஒரு வகை உண்டு. லயங்களில் பலகை இருந்தவரை அதற்குக் குடியிருக்க இடமிருந்தது. தாமான் வீட்டின் கான்கிரீட்டில் அது எங்கே துளை போடும்? பந்தலுக்கு ஒரு பக்கமாவது காய்ந்த மரக்கட்டையோ மூங்கிலோ விட்டுவையுங்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது அதனால்தான்.

மஞ்சளா, ஊதாவா

கடையில் பழம் வாங்கித் தின்று ஆசைப்பட்டவர்களின் போட்டி பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்தான். தாவரவியலில் இரண்டும் ஒரே இனம், பாசிஃப்ளோரா எடுலிஸ். மூன்று மடலாகப் பிளந்து ஓரத்தில் பல்லிட்ட இலை, இலைக்காம்பின் தலையில் இரண்டு சிறு சுரப்பி, வெள்ளைப் பூ, அடியில் ஊதாவும் நுனியில் வெள்ளையுமாக நெளிந்த மகுடம். இவ்வளவும் இரண்டுக்கும் பொது. ஆனால் வீட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் உறவுக்காரர்கள் மாதிரியே நடந்துகொள்ளாது.

ஊதாப் பழக்கொடி மலைப்பாங்கான, குளிர்ந்த இடத்துக்குரியது. பூ விடியற்காலை திறந்து மதியத்துக்கு முன் மூடிவிடும். தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும், ஆகவே ஒற்றைக் கொடி இருந்தாலும் காய் பிடிக்கும். பழம் சிறிது, புளிப்புக் குறைவு, மணம் அதிகம். படித்தால் ஆசை வரத்தான் செய்யும். கேமரன் மலையில் தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக் குளிர் இதற்கு ஏற்றது. சிம்பாங் பூலாய் வழியாக மலைக்குப் போய்வருகிறவர்கள் அங்கே தின்ற பழத்தின் விதையைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள். கீழே நம் வெக்கையில் அது கொடியாக ஓடும், இலை விடும், பூவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு மண்ணிலுள்ள வாடல்நோய்ப் பூஞ்சணம் ஊதாக் கொடியின் வேரை எளிதில் பிடிக்கும். காலையில் நன்றாக இருந்த கொடி சில நாளில் முழுதும் தொங்கிப்போகும். ஊதாவைத் தொழிலாக வளர்க்கும் நாடுகளிலேயே மஞ்சள் கொடியின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டுவது அதற்காகத்தான்.

மஞ்சள் பழக்கொடி தாழ்நிலத்துக்கென்றே இருப்பது. வெயிலையும் ஈரக்காற்றையும் தாங்கும், வேர் உறுதி, பழம் பெரிது, சாறு அதிகம், புளிப்பும் அதிகம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் பகல் சுருங்கிப் பூப்பு நிற்கும் தொல்லையும் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு.

முதலாவது, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது. தன்னிலிருந்து வெட்டி வளர்த்த தண்டின் மகரந்தத்தையும் ஏற்காது, ஏனென்றால் மரபில் அதுவும் தானே. ஒரு வீட்டிலிருந்து தெரு முழுக்கத் தண்டு வெட்டிக் கொடுத்தால் தெரு முழுக்க ஒரே கொடிதான் இருக்கிறது. பந்தல் கொள்ளாமல் பூக்கும், ஒரு காயும் நிற்காது. ‘மண்ணில் சத்து இல்லை’ என்று உரத்தைக் கொட்டுவார்கள், இன்னும் இலைதான் வரும். வெவ்வேறு இடத்தில் வாங்கிய இரண்டு பழங்களின் விதையிலிருந்து ஆளுக்கொரு கொடி வளர்த்து ஒரே பந்தலில் ஏற்றிவிடுவதுதான் வழி. புது விதை இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைத்துவிடும். நல்ல வெயில் இருந்தால் ஓராண்டுக்குள் பழம் பார்க்கலாம்.

இரண்டாவது பிடிவாதம் நேரம். மஞ்சளின் பூ நண்பகலை ஒட்டித் திறந்து இரவு ஒன்பது, பத்து மணிக்கு மூடும். ஒரு பூவுக்கு அந்த ஒரு பிற்பகல்தான் வாழ்க்கை. திறந்த உடனே சூல்தண்டுகள் மேல்நோக்கி நிற்கும். கொஞ்ச நேரம் போன பிறகு மெல்ல வளைந்து மகரந்தப்பைகளின் மட்டத்துக்கு இறங்கும். அதன் பிறகுதான் கருவண்டின் முதுகு இரண்டையும் தொட முடியும். சில பூக்களில் தண்டு வளையவே வளையாது. அவற்றில் நேரம் செலவழிக்காதீர்கள், காய் பிடிக்காது.

வண்டு வராத வீட்டில் இந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். தண்டு இறங்கிய பிறகு ஒரு கொடியின் பூவிலிருந்து மகரந்தத்தைச் சின்னத் தூரிகையாலோ விரல் நுனியாலோ எடுத்து, மற்றக் கொடியின் பூவில் மூன்று குமிழிலும் தடவினால் போதும். ஒரு பூவுக்குச் சில விநாடி ஆகும். ஆனால் அந்தச் சில விநாடி பிற்பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வருகிறது. கணவனும் மனைவியும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்பும் வீட்டில் யார் தடவுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு மஞ்சளை விடுவதற்கு முன் கருவண்டு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோ தாத்தா பாட்டியோ இருந்தால் கவலையில்லை. செம்பனைக்கு மாவு ஊதிய கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு இடைஞ்சல் மழை. மகரந்தத்தில் நீர் பட்டால் அது வீங்கி வெடித்துவிடும். தடவிய பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது பூ நனையாமல் இருக்க வேண்டும். பேராக்கின் இந்தப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு கொட்டுவது வழக்கம். பூ திறப்பதும் மழை வருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அந்த மாதங்களில் காய் குறைந்தால் கொடியைத் திட்டாதீர்கள். பந்தலின் ஒரு பகுதிக்கு மேல் ஒளி ஊடுருவும் தகடு போட்டிருக்கும் வீடுகளில் அடியில் பூக்கும் பூக்கள் தப்பும். காடிக்கு நிழல் என்று போட்ட தகடு இப்படியும் உதவுகிறது.

காய் பிடித்தது முதல் பழுக்க இரண்டு, இரண்டரை மாதம். மஞ்சள் பழம் பழுத்தால் தானே விழும், பறிக்கத் தேவையில்லை. ஆகவே பந்தலுக்குக் கீழே காடி நிறுத்துகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அக்கா ஒருவர் பந்தலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பூவச் சாமிக்கு வைக்கலாமா?” என்று கேட்டார். “வைக்கலாங்க்கா, ஆனா பறிக்கிற ஒவ்வொரு பூவும் ஒரு பழம். அதுவும் பொழுது சாய்ஞ்சா சுருங்கிடும்.” “அப்ப எனக்கு மல்லியே போதும்பா” என்று போய்விட்டார். சரியான முடிவு.

ஊதாவையும் மஞ்சளையும் கலந்து உண்டாக்கிய கலப்பினங்களும் உண்டு. ஊதாத் தோலும் மஞ்சளின் வீரியமும் சேர்ந்தவை, சில தன் மகரந்தத்தையே ஏற்பவை. தைவானின் தைனுங் 1 அப்படிப்பட்ட ஒன்று. நம்பகமான நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்றாகக் கிடைத்தால், பகலில் ஆள் இல்லாத வீட்டுக்கு அதையே சொல்வேன். ஆனால் அந்தப் பழத்தின் விதையைப் போட்டு வளர்த்தால் தாயைப் போல வரும் என்று நம்ப வேண்டாம்.

பெரிய காயும் பால்பழமும்

மார்கிசாவில் பெரியது பாசிஃப்ளோரா குவாட்ராங்குலாரிஸ். தண்டு நான்கு மூலையாக, மூலைக்கு மூலை சிறகோடு இருக்கும். இலையில் மடல் இல்லை, இதய வடிவில் உள்ளங்கையை மூடும் அளவு. இலைக்காம்பில் மூன்று ஜோடிச் சுரப்பிகள். பூ தலைகுனிந்து தொங்கும். ஊதாவும் வெள்ளையும் பட்டை போட்ட தடித்த இழைகள் வளைந்து வளைந்து கிடக்கும், மணமும் உண்டு. அழகென்று பார்த்தால் பழக்கொடிகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். காய் 20 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். பிஞ்சைக் காய்கறியாகச் சமைக்கலாம். பழுத்தால் தடித்த சதையையும் உள்ளே விதையைச் சுற்றியுள்ள புளியினிப்பான கூழையும் தின்னலாம். சுவையில் மட்டும் மஞ்சளுக்குப் பக்கத்தில் வராது, சதை சப்பென்றிருக்கும், சர்க்கரையோ எலுமிச்சையோ கேட்கும்.

இதுவும் தாழ்நில வெப்பத்துக்கு ஏற்றது. வண்டை நம்பினால் காய் குறைவு, கையால் தடவினால் நன்றாகப் பிடிக்கும். பூ காலையில் திறப்பதால் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தடவிவிட்டுப் போகலாம் என்பது மஞ்சளைவிட இதற்கு ஒரு வசதி. ஆனால் பந்தல் உறுதியாக இருக்க வேண்டும். நீர்க்குழாயில் கட்டிய லேசான பந்தலுக்கு இது ஆகாது. வேரைச் சாப்பிடக்கூடாது, நஞ்சு என்று சொல்லப்படுகிறது.

பால்பழம் என்று நான் சொல்வது மலாய்க்காரர்கள் புவா சூசு என்று அழைக்கும் பாசிஃப்ளோரா லாரிஃபோலியாவை. மடலில்லாத, தோல்போல் தடித்த நீள்வட்ட இலை. காம்பின் தலையில் இரண்டு சுரப்பி. கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய, ஆரஞ்சு கலந்த மஞ்சள் பழம். உள்ளே வெண்மையான, நீர்த்த, மணமுள்ள கூழ். இந்த நாட்டில் நீண்ட காலமாக இருந்து வேலியோரத்திலும் புதர்க்காட்டிலும் தானே பரவிவிட்ட கொடி. ஆற்றோரக் கம்பங்களில் (மலாய்க் கிராமங்களில்) வளர்ந்தவர்கள் சின்ன வயதில் பிதுக்கிக் குடித்திருப்பார்கள். மென்மையான இனிப்பு, மஞ்சளின் புளிப்பு ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு நல்லது. நாற்றுக்கடையில் அரிதாகத்தான் கிடைக்கும், யாரிடமாவது தண்டு கேட்க வேண்டும். பந்தலைவிட நீண்ட கம்பிவேலி உள்ள வீட்டுக்குத்தான் இது பொருத்தம். பக்கத்தில் மரமிருந்தால் மரத்தையே மூடிவிடும்.

பூவுக்காக மட்டும் என்றால்

சிவப்புப் பூக்கொடிகள் வெயிலுக்குப் பழகியவை, பூப்பதில் கஞ்சத்தனம் இல்லை. கடையில் பாசிஃப்ளோரா காக்சினியா என்று விற்கப்படும் கொடி பெரும்பாலும் அதுவல்ல. அதைத் தனி இனம் என்று கண்டு 2006-இல் பாசிஃப்ளோரா மினியேட்டா என்று பெயர் வைத்தார்கள். பெயர் எதுவானாலும் குங்குமச் சிவப்பில் தெருவே திரும்பிப் பார்க்கும். இதன் ஊரில் பூவைத் தேடி வருவது ரீங்காரச்சிட்டு. அந்தப் பறவை ஆசியாவில் இல்லை. நம் தேன்சிட்டு வந்து தேன் குடித்துப் போகும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சுகம், ஆனால் காய்க்குக் காத்திருக்காதீர்கள். காயே விழாது என்பதால் பந்தலுக்குக் கீழே காடி நிறுத்தத் தோதான கொடி இதுதான்.

நீலப் பூவில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெள்ளை இதழ் மேல் நீல மகுடம் விரிந்த படத்தைப் பார்த்து வாங்குவது பாசிஃப்ளோரா கெருலியா. தெற்குப் பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துக் கொடி. பனி விழும் நாடுகளில் சுவரில் ஏற்றி வளர்ப்பது. இலை ஐந்து விரலாகப் பிரிந்திருக்கும். கிருஷ்ண கமலம் என்று ஆர்வத்தோடு தேடப்படும் இன்கர்னாட்டா அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் தரைக்கு மேல் செத்து, வசந்தத்தில் வேரிலிருந்து எழும்பும். குளிர்காலமே இல்லாத ஊரில் இவற்றை விட்டுப் படத்தில் பார்த்த பூவை எதிர்பார்ப்பது வீண். ஊதா நீலம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்கள் பெரிய காய்க்கொடியையே பூவுக்காக விடலாம், அதன் மகுடத்தில் அந்த நிறம் போதுமான அளவு இருக்கிறது.

நாற்றில் பூ இருக்காது, விற்பவர் சொல்வதை நம்பவும் முடியாது. அதனால் இலையைப் பாருங்கள். மூன்று மடல், பல்லோரம், இரண்டு சுரப்பி என்றால் எடுலிஸ். அதிலேயே இளந்தண்டிலும் பற்றுக்கம்பியிலும் செம்மை ஓடியிருந்தால் மஞ்சளாக இருக்கவே வாய்ப்பு அதிகம், முழுப் பச்சை என்றால் ஊதா. தண்டை விரலால் உருட்டிப் பார்த்து நான்கு மூலை தட்டுப்பட்டால் பெரியது. ஐந்து விரல் இலை என்றால் மரியாதையாக வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தச் சுரப்பிகள் எறும்புக்குத் தேன் கொடுக்கின்றன, எறும்பு காவல் காக்கிறது. கொடியில் எறும்பைக் கண்டதும் மருந்து தெளிப்பவர்கள் வேலைக்காரனைத் துரத்துகிறார்கள். முசுறு கடிக்கும் என்பது உண்மைதான், பூ தடவும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வேலியோரம் தானாக முளைக்கும் முடிக்கொடியையும் சொல்லாமல் விடக்கூடாது. மலாயில் லெத்துப் லெத்துப், தாவரவியலில் பாசிஃப்ளோரா ஃபெட்டிடா. கசக்கினால் நாறும், உடம்பெல்லாம் முடி. பூவுக்கு அடியிலுள்ள செதில்கள் நூல்நூலாகப் பிரிந்து பிசினோடு காயை மூடியிருக்கும், அதில் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாகும். வலைக்குள்ளே கோலிக்குண்டு அளவு பழம். ஒருகாலத்தில் இதைத் தோட்டங்களில் மண்ணை மூடவும் விட்டிருக்கிறார்கள். பந்தலுக்கு இது தேவையில்லை, ஆனால் பின்வேலியில் முளைத்திருந்தால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் கரும்புள்ளி போட்டுத் தாழப் பறக்கும் பட்டாம்பூச்சி ஒன்று, இந்தியா இலங்கைப் பக்கமிருந்து பரவிக்கொண்டே வந்து 2006-இல் சிங்கப்பூரிலும் 2012-இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. அதன் முட்கள் கொண்ட புழு தின்பது இந்தக் குடும்பத்து இலைகளைத்தான். பின்வேலியில் தீனி இருந்தால் முன்பந்தலில் சேதம் குறையும் என்பது என் கணிப்பு. பிள்ளைகள் பழத்தைப் பறித்தால் நன்றாக மஞ்சளித்த பழமா என்று பார்த்துக் கொடுங்கள். பச்சைக் காயிலும் இலையிலும் மரவள்ளியில் உள்ளதைப் போன்ற சயனைடு தரும் பொருள் இருக்கிறது. எந்த மார்கிசாவின் பச்சைக் காயையும் பச்சையாகத் தின்பது நல்லதல்ல.

யாருக்கு எது

பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள், பழம்தான் குறி என்றால் மஞ்சள், இரண்டு கொடி, இரண்டு வெவ்வேறு பழத்தின் விதையிலிருந்து. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் மட்டும் ஆள் இருக்கிறார், பந்தலும் உறுதி, பழத்தைவிடப் பூவும் புதுமையும் பிடிக்கும் என்றால் பெரிய காய்க்கொடி. ஆளே இல்லை என்றால் தன்னில் காய்க்கும் கலப்பின ஒட்டுக்கன்று. அது கிடைக்காவிட்டால் சிவப்புப் பூவோடு நிறுத்திக்கொண்டு பழத்தைப் பசாரில் வாங்குங்கள். நீண்ட வேலி, பொறுமை, தண்டு கொடுக்க ஒரு கம்பத்து நண்பர், இந்த மூன்றும் இருப்பவருக்குப் பால்பழம். ஊதாவை மலைக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

எதை விட்டாலும் பந்தலில் மெல்லிய கம்பியோ வலையோ இருக்க வேண்டும். பற்றுக்கம்பி இரண்டு அங்குலக் குழாயைச் சுற்றிப் பிடிக்காது, நூலளவு கம்பி கிடைத்தால் விடாது. பாசிஃப்ளோராவில் ஒரு மெல்லிய இனத்தின் பற்றுக்கம்பி தொட்ட ஏறத்தாழ அரை நிமிடத்தில் வளையத் தொடங்குவதை டார்வினே கவனித்து எழுதியிருக்கிறார். தாமான் மனைகளில் மேலே கொட்டியிருப்பது பெரும்பாலும் செங்களி மண், நீர் வடியாது, வேர் அழுகும். குழி தோண்டாமல் ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி, மட்கிய எருவும் கொஞ்சம் மணலும் கலந்து அதில் நடுங்கள். செம்பனைக் குலைச் சக்கை கிடைத்தால் மேட்டைச் சுற்றிப் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. பூ வருவது புதுத்தளிரில் என்பதால் ஒரு காய்ப்பு முடிந்ததும் பக்கக்கிளைகளைக் கத்தரித்து விடுங்கள். முதன்மைத் தண்டில் கை வைக்க வேண்டாம். சில ஆண்டுகளில் கொடி கிழடுதட்டும், அதற்கு முன்பே இரண்டு புது நாற்றைப் பையில் தயாராக வைத்திருங்கள். நடுவதற்கு டிசம்பர் கடைசி நல்ல சமயம். பெருமழை தணிந்திருக்கும், அடுத்த மழைக்காலத்துக்கு முன் கொடி பந்தலைத் தொட்டுவிடும்.